பாதரசத்தைக் கட்டும் புரதம் உடம்பிலேயே இருந்தால், பட்டறைப் புகைக்குப் பயப்பட வேண்டாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் உங்கள் ஊர். நகைப் பட்டறைகளின் தூசியை வாங்கி, அரித்து, ரசம், அதாவது பாதரசம், விட்டுத் தங்கம் பிரிக்கும் வேலையை உங்கள் அப்பா 20 வருடமாகச் செய்கிறார். கொஞ்ச நாளாகக் கை நடுங்குகிறது, சின்ன விஷயத்துக்கும் கோபம் வருகிறது. சிறுநீரில் பாதரசம் அதிகம் என்று பரிசோதனை சொல்ல, மருத்துவர் வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஆனால் படித்த சொந்தக்காரர் ஒருவர், "பாதரசத்தைப் பிடித்துக் கட்டிவைக்கிற புரதம் நம் உடம்பிலேயே இருக்கிறது. ஜிங்க் மாத்திரை போட்டால் அது பெருகும். வேலையை விட வேண்டாம்" என்கிறார். இது உண்மையா என்று கேட்கிறீர்கள். கூடவே, ரசம் பட்டு வெளுத்துப்போன அம்மாவின் மோதிரத்தை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு புரதம் இருப்பது உண்மை. அதை நம்பி வேலையைத் தொடரலாம் என்பது ஆபத்தான பேச்சு. நான் மருத்துவர் இல்லை, இந்தப் பக்கத்துக் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அதனால் அந்தப் புரதத்தைப் பற்றி விவரமாகச் சொல்ல முடியும். அதை முழுசாகப் புரிந்துகொண்டால் அப்பா ஏன் புகையை விட்டு எழுந்துவர வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

மோதிரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அது நடந்தது. நான் ஐந்தாவதோ ஆறாவதோ படிக்கும்போது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், விழுந்து உடைந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, ரசம் முத்து முத்தாக உருண்டு ஓடியது. அப்பத்தா அதைக் கையால் கூட்டி அள்ளினார். கொஞ்ச நேரத்தில் அவர் விரலில் இருந்த மோதிரம் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி வெளுத்துவிட்டது. தங்கமே கெட்டுப்போனது என்று பதறித் தெருக்கோடியில் இருந்த பத்தரிடம் எடுத்துப் போனோம். அவர் சிரித்துக்கொண்டே மோதிரத்தை இடுக்கியில் பிடித்துக் குமுட்டி நெருப்பில் காட்டினார், ஊதுகுழலால் ஊதினார். வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து, மங்கலாகப் பழைய மஞ்சள் திரும்பி வந்தது. அப்பத்தாவுக்கு நிம்மதி. எனக்கு அது மந்திரம் போல இருந்தது. அந்த ரசம் எங்கே போனது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அது குனிந்து ஊதிக்கொண்டிருந்த பத்தரின் மூக்குக்குப் போனது, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த என் மூக்குக்கும் போனது.

உங்கள் அப்பா செய்வதும் இதே வேலைதான், அளவுதான் பெரிசு. கழுவிய தூசியில் ரசத்தை விட்டுப் பிசைந்தால் அது தங்கத் துணுக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். துணியில் வைத்துப் பிழிந்தால் மிச்ச ரசம் வெளியேறி, உள்ளே ஒரு வெள்ளை உருண்டை நிற்கும். அந்த உருண்டையைச் சுட்டால் ரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் மிஞ்சும். பாதரசம் கொதிப்பது 357 டிகிரியில். ஆனால் கொதிக்க வேண்டும் என்றுகூட இல்லை. மூடாத கிண்ணத்தில் சும்மா இருந்தாலே ஆவியாகும். 20 டிகிரியில் ஒரு மூடிய அறைக் காற்று நிறைவாகப் பிடித்துக்கொள்ளும் பாதரசம் கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம். உலக சுகாதார அமைப்பு ஆண்டுச் சராசரியாக ஏற்கத்தக்கது என்று சொல்வது 1 மைக்ரோகிராம், அதாவது அதில் 13,000-ல் ஒரு பங்கு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆவி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நம் ஊர் சித்திரை வெயிலில் ஓட்டுக் கொட்டகைக்குள் என்ன இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை.

மூச்சில் போகிற பாதரச ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது. விசித்திரம் என்னவென்றால், அதே திரவ ரசத்தை ஒருவர் தவறுதலாக விழுங்கினால் குடல் உறிஞ்சுவது மிகமிகக் குறைவு, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். பட்டறையில் ஆபத்து மூச்சு வழியாகத்தான். ரத்தத்துக்குள் வந்த ஆவியைச் சிவப்பணுவில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி ஆக்சிஜனேற்றம் செய்து, மின்சுமை கொண்ட பாதரச அயனியாக மாற்றும். அந்த மாற்றம் நடப்பதற்குள் ஒரு பங்கு மூளைக்குப் போய்விடுகிறது. அயனியான மிச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரகத்தில் சேர்கிறது. உங்கள் சொந்தக்காரர் சொல்கிற புரதம் முக்கியமாக வேலை செய்வது அங்கேதான்.

பாதரசத்துக்கு மிகவும் பிடித்த துணை கந்தகம். நம் சித்தர் மரபில் ரசத்தைச் சிவனாகவும் கந்தகத்தைச் சக்தியாகவும் சொல்வது உண்டு, ரசத்தைக் கட்ட வேண்டுமானால் கந்தகம் வேண்டும் என்பதும் அந்த மரபின் அனுபவம். சாதிலிங்கம் என்கிற சிவப்புக் கல் பாதரசமும் கந்தகமும் இறுகக் கட்டிக்கொண்ட பொருள்தான். ஐரோப்பாவிலும் இதையே வேறு வழியில் கண்டார்கள். கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனை உள்ள கரிமப் பொருள்களுக்கு 1830-களில் டென்மார்க் வேதியியலர் சைசே மெர்காப்டன் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதற்குப் பாதரசத்தைப் பிடிப்பது என்று பொருள். உடம்புக்குள் போன பாதரசமும் கந்தகத்தைத்தான் தேடுகிறது. நம் புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் அந்தக் கந்தக முனை இருக்கிறது. நொதிகளின் வேலை பல சமயம் அந்த முனையை நம்பித்தான் நடக்கிறது. பாதரசம் போய் அங்கே உட்கார்ந்தால் நொதி நின்றுவிடும். பாதரச நஞ்சு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான்.

இப்படி வருகிறவனைத் தடுத்து உட்கார வைக்க உடம்பு ஒரு தனிப் புரதம் வைத்திருக்கிறது. பெயர் மெட்டலோதயோனீன். பெயரிலேயே உலோகமும் கந்தகமும் இருக்கின்றன. 1957-ல் மார்வின் மார்கோஷஸ், பெர்ட் வாலி என்ற இருவர் குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பிடித்துவைத்திருந்த ஒரு புரதத்தைக் கண்டார்கள், அதுதான் இது. மிகச் சின்னது, அறுபது சொச்சம் அமினோ அமிலங்கள்தான். அதில் 20 சிஸ்டீன்! மூன்றில் ஒன்று கந்தகம் ஏந்தியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணப் புரதம் எதிலும் இப்படி இருக்காது. உலோகம் இல்லாதபோது இதற்கு உருவமே கிடையாது, அவிழ்த்துப் போட்ட நூல் மாதிரிக் கிடக்கும். உலோகம் வந்ததும் அதைச் சுற்றி முடிச்சு முடிச்சாகச் சுருண்டு இரண்டு உருண்டையாகிவிடும். ஒரு உருண்டையில் 11 சிஸ்டீன் சேர்ந்து நான்கு உலோக அணுக்களைப் பிடிக்கும், மற்றதில் 9 சிஸ்டீன் மூன்று அணுக்களை. சாதாரண நாளில் அந்த ஏழு இடங்களிலும் பெரும்பாலும் துத்தநாகம், அதாவது ஜிங்க், இருக்கும், கொஞ்சம் செம்பும் இருக்கும்.

இதைப் பாதரசத்துக்காகவே கடவுள் படைத்த காவலாளி என்று நினைத்துவிட வேண்டாம். இதன் அன்றாட வேலை துத்தநாகக் கணக்கு. தேவைப்படுகிற நொதிக்குத் துத்தநாகம் கொடுப்பது, மிஞ்சினால் வாங்கி வைப்பது, செம்பு அளவு மீறாமல் பார்ப்பது, தீங்கு செய்யும் ஆக்சிஜன் வகைகளைத் தணிப்பது. இதில் மனிதருக்கு நான்கு வகை உண்டு. முதல் இரண்டு வகை ஏறக்குறைய எல்லா உறுப்பிலும் இருக்கும், கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அதிகம். மூன்றாவது முக்கியமாக மூளையில், நான்காவது தோல், நாக்கு போன்ற மேல்படலங்களில்.

சரி, பாதரசம் உள்ளே வந்தால் என்ன நடக்கிறது? கந்தகத்தோடு பாதரசத்துக்கு இருக்கிற பிடிப்பு துத்தநாகத்தின் பிடிப்பைவிட மிகப் பெரிது. அதனால் அது நேராக வந்து துத்தநாகத்தை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எழுந்த துத்தநாகம் செல்லுக்குள் சுதந்திரமாகத் திரிகிறது. இங்கேதான் இயற்கையின் ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். செல்லுக்குள் எம்டிஎஃப்-1 என்று ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் உண்டு. திரிகிற துத்தநாகம் அதில் ஒட்டியதும் அது மரபணுவில் போய் உட்கார்ந்து, இன்னும் மெட்டலோதயோனீன் தயாரி என்று உத்தரவு கொடுக்கும். அந்த உத்தரவைப் பாதரசம் நேரடியாகத் தூண்டுவதில்லை. அது இடம் பிடித்ததால் வெளியே தள்ளப்பட்ட துத்தநாகம்தான் தூண்டுகிறது. நடுச்சாமத்தில் திருடன் வளவுக்குள் இறங்கும்போது, அவன் கால் பட்டு உருண்ட பித்தளைச் செம்பின் சத்தத்திலேயே வீடு விழித்துக்கொள்வது போல.

இப்படித்தான் பாதரச ஆவியைச் சுவாசித்த எலியின் சிறுநீரகத்தில் இந்தப் புரதம் பல மடங்கு கூடுகிறது, மூளையிலும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். சிறுநீரகத்தில் சேர்ந்த பாதரசத்தில் பெரும்பங்கு இந்தப் புரதத்தோடு கட்டுண்டு இருப்பதும் தெரிந்திருக்கிறது. உங்கள் சொந்தக்காரர் படித்தது இதைத்தான். இதுவரைக்கும் அவர் சொன்னது சரி.

இனிமேல் சொல்வதை அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். 1990-களின் தொடக்கத்தில் முதல் இரண்டு வகை மெட்டலோதயோனீனும் இல்லாத எலிகளை மரபணு மாற்றி உருவாக்கினார்கள். சாதாரணமாக வளர்த்தால் அவை நன்றாகவே வாழ்ந்தன. பாதரசம் கொடுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. புரதம் இல்லாத எலிகளின் சிறுநீரகம் சாதாரண எலிகளின் சிறுநீரகத்தைவிட மோசமாகக் கெட்டது. ஆனால் அந்தக் கெட்ட சிறுநீரகத்தில் தங்கியிருந்த பாதரசம் சாதாரண எலியில் இருந்ததைவிடக் குறைவு. அதாவது புரதம் உள்ள எலியின் சிறுநீரகத்தில் பாதரசம் அதிகம், சேதம் குறைவு. இல்லாத எலியில் பாதரசம் குறைவு, சேதம் அதிகம்.

இதன் அர்த்தம் என்ன? இந்தப் புரதம் பாதரசத்தை வெளியேற்றுவதில்லை. பூட்டி உள்ளேயே வைத்துக்கொள்கிறது. நம் பக்கத்து வீடுகளில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருள் வீட்டை விட்டா போய்விட்டது? கண்ணில் படாமல் உள்ளேதான் இருக்கிறது. உங்கள் அப்பாவின் சிறுநீரகம் 20 வருடமாக வாங்கிப் பூட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பூட்டும் நிரந்தரமான இரும்புப் பூட்டு இல்லை. எந்தப் புரதமும் கொஞ்ச காலத்தில் உடைந்து புதிதாக உருவாகும். எலியின் கல்லீரலில் துத்தநாகம் ஏந்திய மெட்டலோதயோனீன் ஒரு நாளுக்குள் பாதி உடைந்துவிடுகிறது. உலோகம் அப்படி உடையாது. புரதம் உடைந்ததும் உள்ளே இருந்த உலோகம் வெளியே வரும், புதிதாகத் தயாரான புரதம் அதை மறுபடி பிடிக்க வேண்டும். செல்லுக்கு இது ஓய்வில்லாத வேலை. ஒவ்வொரு புரதத்துக்கும் 20 சிஸ்டீன் வேண்டும், குளுட்டதயோன் என்கிற இன்னொரு பாதுகாப்புப் பொருளுக்கும் அதே சிஸ்டீன்தான் மூலப்பொருள். காய்ச்சல், பட்டினி, வேறு நோய் வந்தால் அந்த நேரத்துத் தேவைகளும் சேர்ந்துகொள்ளும். தினமும் புகை வந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் வரவு பிடிக்கும் திறனை மீறும். அன்றைக்கு மிச்சப் பாதரசம் சிறுநீரக நுண்குழாய்ச் செல்களின் நொதிகளில் போய் உட்காரும். சிறுநீரில் புரதம் கசிவதும் முகம், கால் வீங்குவதும் அதற்குப் பிறகு வருகிற விஷயங்கள்.

கட்டிய பாதரசத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. துத்தநாகம் இருக்க வேண்டிய இடத்தில் பாதரசம் உட்கார்ந்தால், அந்தப் புரதம் துத்தநாகம் கொடுக்கும் தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாது. பாதரசம் கொடுத்த விலங்குகளின் சிறுநீரகத்தில் செம்பும் கூடிப்போவதைக் கண்டிருக்கிறார்கள். காவலுக்குப் போன ஆள் தன் வயலை விட்டுத்தானே போகிறான்.

மூளைக் கதை வேறு, அதுதான் அப்பாவின் கை நடுக்கத்துக்குச் சம்பந்தப்பட்டது. மூளைக்குள் போன ஆவி அங்கே அயனியாக மாறிவிட்டால், சுமை ஏறியதால் வந்த வழியே திரும்ப முடியாது. மற்ற உடம்பில் பாதி குறைய இரண்டு மாதம் என்றால் மூளையில் ஒரு பங்கு வருடக்கணக்கில் தங்கும். மூன்றாம் வகை மெட்டலோதயோனீன் மூளையில்தான் இருக்கிறது. ஆனால் அதை அவ்வளவாகக் கூட்ட முடியாது, முதல் இரண்டு வகைபோல உலோகம் வந்ததும் பெருகுவதில்லை. விரல் நடுக்கம், கையெழுத்து மாறுவது, தூக்கம் கெடுவது, கூச்சம், எரிச்சல் எல்லாம் பாதரச ஆவியில் வேலை செய்தவர்களிடம் பழங்காலத்திலிருந்தே கண்ட அறிகுறிகள். கழுத்துருவுக்கு, அதாவது செட்டிநாட்டுத் திருமணத் தாலிக்கு, பொடி வைத்து ஊதுகிற கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்று பட்டறைத் தெருவில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கோபப்படுவதை வயசான குணம் என்று வீட்டில் யாரும் சொன்னால், அது குணமாக இல்லாமல் நோயாக இருக்கலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் மேல் வருத்தப்படாதீர்கள்.

இப்போது ஜிங்க் மாத்திரை. விலங்குச் சோதனைகளில், பாதரசம் கொடுப்பதற்கு முன்பே துத்தநாகம் கொடுத்து மெட்டலோதயோனீனைக் கூட்டி வைத்தால் சிறுநீரகச் சேதம் குறைந்தது உண்மை. முன்பே என்ற சொல்லைக் கவனியுங்கள், 20 வருடம் கழித்து அல்ல. அதோடு, மனிதர் வாய்வழி சாப்பிடுகிற துத்தநாகம் இந்தப் புரதத்தை முதலில் கூட்டுவது குடல் சுவரில். வில்சன் நோயில், அதாவது உடம்பில் செம்பு தேங்கும் பரம்பரை நோயில், இதைத்தான் மருந்தாகவே பயன்படுத்துகிறார்கள். துத்தநாகம் கொடுத்தால் குடலில் மெட்டலோதயோனீன் கூடும், சாப்பாட்டுச் செம்பை அது பிடித்துக்கொள்ளும், குடல் செல் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். அருமையான வைத்தியம். ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பாதரசம் வருவது நுரையீரல் வழியாக. குடலில் காவல் போட்டு என்ன பயன்? வில்சன் நோய் இல்லாதவர் மாதக்கணக்கில் அதிக ஜிங்க் எடுத்தால், தேவையான செம்பும் குறைந்து ரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரலாம். பெரியவர்களுக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் என்பதைத்தான் மேல் எல்லையாகப் பொதுவாக வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கை நடுங்குகிறவருக்குப் புதிதாக நரம்புப் பிரச்சினையும் வந்தால் எது எதனால் என்று மருத்துவருக்கே குழப்பமாகிவிடும்.

ஆகவே ஜிங்க் மாத்திரையை நீங்களாக வாங்கி அப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம். பருப்பு, கடலை, முட்டை, கறி என்று வீட்டுச் சாப்பாடு ஒழுங்காக இருந்தால் போதும்.

சாப்பாடு என்றதும் மீன் ஞாபகம் வருகிறது. தொண்டி மீன் நம் சந்தைக்கு வருகிறது, பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கமும் உண்டு. மீனில் இருப்பது மெத்தில் பாதரசம், அது வேறு ஆள். அயனிப் பாதரசத்துக்குக் கந்தகத்தைப் பிடிக்க இரண்டு கை இருக்கிறது என்றால், மெத்தில் பாதரசத்துக்கு ஒரு கைதான் மிச்சம். அதனால் அது மெட்டலோதயோனீனில் சரியாக உட்காராது, அந்தப் புரதத்தைத் தூண்டுவதும் குறைவு. சிஸ்டீனோடு சேர்ந்து, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் மூளை வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் வெளிச்சத்துக்கு வந்த கொடுமை இந்த வகைப் பாதரசத்தால் வந்தது. பெரிய மீனைத் தின்னும் பெரிய மீனில் இது சேர்ந்துகொண்டே போகும், சுறா அப்படிப்பட்ட மீன். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து, வழக்கம் பழசு என்றாலும். நெத்திலி, மத்தி தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மருந்து, சுடுகிற வேலையை நிறுத்துவது. உடம்பில் சேர்ந்த அயனிப் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 60 நாள் ஆகும். இன்றைக்கு நிறுத்தினால் இரண்டு மாதத்தில் பாதி, நாலு மாதத்தில் கால், ஆறு மாதத்தில் அரைக்கால். நிறுத்தாவிட்டால் இந்தக் கணக்கு ஆரம்பிக்கவே செய்யாது. பாதரசத்தை வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன, டிஎம்எஸ்ஏ என்பது ஒன்று. அதன் மூலக்கூறிலும் இரண்டு கந்தக முனைகள்தான், மெட்டலோதயோனீன் செய்கிற அதே பிடிதான். ஒரே வித்தியாசம், இது பூட்டி வைக்காமல் சிறுநீர் வழியாக வெளியே அழைத்துப் போகும். அது தேவையா இல்லையா என்பதை நச்சியல் தெரிந்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். உள்ளே போகிற வாசல் திறந்திருக்கும்போது அந்த மருந்தைக் கொடுப்பதில் பிரயோஜனமும் இல்லை. நாட்டு மருந்து ஏதாவது அப்பா எடுத்தால், அதில் ரசம், சாதிலிங்கம் சேர்ந்ததா என்று கேட்டு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம் பூசினால் அதையும் சொல்லுங்கள். அப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசம் இருந்து சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள்.

மறு பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது பட்டறை உடுப்போடு, பட்டறைக் கையோடு போக வேண்டாம். ஆடையில் ஒட்டிய ஒரு பொட்டு ரசம் டப்பாவில் விழுந்தால் கணக்கே மாறிவிடும். குளித்து, மாற்று உடுப்பு உடுத்தி, ஆய்வகம் தருகிற சுத்தமான டப்பாவில் கொடுங்கள். சிறுநீரில் போகிற கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீர் அதிகம் குடித்திருந்தால் தனி எண் குறைவாகக் காட்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடுங்கள். மெட்டலோதயோனீன் அளவைச் சோதிக்க ஆய்வகம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். ஆராய்ச்சிக்கூடங்களில் அளப்பார்கள். அதை அளக்கும் பழைய முறை ஒன்றில் சொட்டுச் சொட்டாக விழும் பாதரசமே மின்முனையாக இருந்தது. சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊர்க்காரருக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஆனால் சிகிச்சைக்கு அந்த அளவு தேவைப்படாது, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள்.

வேலை வீட்டு முகப்பில் நடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அக்கா மகன் அங்கேயே தவழ்கிறான் என்றும். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். பாதரச ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கும், குழந்தை தரையோடு இருக்கிறது. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் அந்த ஆவி தாண்டும். தரை இடுக்கில் கிடக்கும் ரசத்தை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், முத்து நூறாக உடைந்து ஆவி கூடும். வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம், சூடாக்கி அறை முழுவதும் பரப்பிவிடும். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் தள்ளிச் சேர்த்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள். எட்டாத இடுக்கில் கந்தகப் பொடி தூவலாம். இங்கேயும் அதே கந்தகம்தான். துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது, அதைக் கட்டிக்கொண்டு தைரியமாக உட்கார வேண்டாம். பிழைப்புக்கு என்ன வழி என்று அப்பா கேட்பார், கேட்பது நியாயம். தூசி வாங்குவது, அரிப்பது, கழுவுவது அவர் கைத்திறன், அதை விட வேண்டியதில்லை. ரசம் விடாமல் செறிவாக்கிய தூசியை, புகைபோக்கியும் ஆவி பிடிக்கும் ஏற்பாடும் உள்ள சுத்திகரிப்பு இடத்துக்குக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். கூலி கொஞ்சம் போகும்.

அம்மாவின் மோதிரத்தைக் குமுட்டியில் காட்டாதீர்கள், அடுப்பிலும் காட்டாதீர்கள், விரலிலும் போட வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தூசியைக் கொடுக்கும் அதே சுத்திகரிப்பு இடத்தில் இதையும், ரசம் பட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். தங்கம் எங்கேயும் போகாது, கொஞ்சம் மங்கலாகத் திரும்பி வரும்.